பழைய டீசல்: கூலன்ட் குறைகிறது, காலையில் வெள்ளைப் புகை. ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டுமா?

#1 மலைவழி

வணக்கம். பத்து நாளாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. எல்லா விவரத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வண்டி பழையது. நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர் டர்போ டீசல். இன்டைரக்ட் இன்ஜெக்ஷன் (டீசல் முதலில் ஹெட்டில் இருக்கும் சிறு முன்னறைக்குள் தெளிக்கப்படும்), மெக்கானிக்கல் ரோட்டரி பம்ப். இரும்பு பிளாக், அதன் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட் அலுமினியம். 2,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஹெட் இதுவரை திறக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பிரச்சினை இரண்டு. 300 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) குறைகிறது. நிறுத்தும் இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. அப்புறம், காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு அடர்த்தியான வெள்ளைப் புகை வருகிறது, எஞ்சின் நடுங்குகிறது. சூடான பிறகு புகையும் இல்லை, நடுக்கமும் இல்லை.

டெம்பரேச்சர் முள் சமவெளியில் பாதியில் நிற்கும். நீண்ட ஏற்றத்தில் முக்கால் வரை போய்விட்டுத் திரும்பும். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிர் மஞ்சளாகக் கொஞ்சம் பசை படிந்திருக்கிறது.

மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ‘ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போச்சு, ஹெட்டை இறக்கிடலாம்’ என்றார். வேறு எதையும் சோதிக்கவில்லை. இறக்கச் சொல்லிவிடலாமா?

#2 ஸ்பேனர்14

அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பசையை வைத்து மட்டும் ஹெட்டைத் திறக்காதீர்கள். குறைந்த தூரம் ஓடி நிறுத்தும் வண்டியில் எஞ்சினுக்குள் இருக்கும் ஈரக்காற்று மூடியில் குளிர்ந்து, ஆயிலோடு கலந்து அப்படித்தான் படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தண்ணீர் குறைவதையும் புகையையும் தனித்தனி நோயாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்பதைச் சோதனை சொல்லட்டும், நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். இந்த வயதுள்ள டீசலில் இரண்டு மூன்று கோளாறு ஒரே நேரத்தில் இருப்பது சாதாரணம்.

முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். புகை கண்ணைக் கரிக்கிறதா, அல்லது மெல்லிய இனிப்பு வாடை அடிக்கிறதா? காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா? ரிசர்வ் பாட்டிலில் அளவு ஏறி இறங்குகிறதா, அல்லது குறைந்துகொண்டே போகிறதா?

#3 டீசல்பித்தன்

புகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ‘வெள்ளை’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதி ஒளிந்திருக்கிறது.

கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இந்த இரண்டிலும் குழப்பம் குறைவு. வெள்ளை, கூலன்ட் ஆவியாகவும் இருக்கலாம், எரியாத டீசலாகவும் இருக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அறையில் போதுமான வெப்பம் இல்லையென்றால், தெளிக்கப்பட்ட டீசல் பற்றாமல் அப்படியே பனிமூட்டம் மாதிரி சைலன்சர் வழியாக வெளியே வரும். மூக்கைத் துளைக்கும், கண் எரியும், காற்றில் நெடுநேரம் தங்கி நிற்கும். நீராவி அப்படி நிற்காது. குழாயிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் கரைந்துவிடும்.

ஒரு கண்ணாடித் துண்டை வால்குழாய்க்குப் பின்னால் சில விநாடி பிடித்துப் பாருங்கள். துடைத்தால் வழவழவென்று வாடையோடு இருந்தால் டீசல். வெறும் ஈரமாக இருந்தால் தண்ணீர். ஆனால் ஒன்று: குளிர்ந்த சைலன்சரில் தங்கிய ஈரம் முதல் நிமிடத்தில் எந்த வண்டியிலும் கொஞ்சம் வரும். அதனால் ஒன்றிரண்டு நிமிடம் கழித்துப் பிடியுங்கள்.

#4 மலைவழி

இன்று காலை பார்த்தேன்.

புகை கண்ணைக் கரிக்கிறது, சந்தேகமே இல்லை. கண்ணாடியில் வழவழப்பு இருந்தது. ஆனால் அதிலேயே நீர்த்துளிகளும் தனியாகத் திரண்டிருந்தன. இனிப்பு வாடை இருக்கிறதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, டீசல் நெடி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

ஹோஸ் விறைப்பாக இல்லை. ரொம்ப மெத்தென்றும் இல்லை. ரிசர்வ் பாட்டில் குறைந்துகொண்டே போகிறது, ஏறுவதே இல்லை.

#5 நீலப்புகை

என் அனுபவத்தைச் சொல்கிறேன். இதே மாதிரி தரையில் சொட்டு இல்லாமல் தண்ணீர் குறைந்தது. கேஸ்கெட் என்று சொல்லி ஹெட்டை இறக்கினார்கள். புது கேஸ்கெட், புது போல்ட், எல்லாம் போட்டு ஏற்றினார்கள். மறு வாரமே அதே அளவு குறைந்தது. கடைசியில் பார்த்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடி வண்டிக்குள் வெப்பம் தரும் சிறு ரேடியேட்டர்) கசிந்து, முன் இருக்கைக் கம்பளத்துக்கு அடியில் தேங்கியிருந்தது. நல்ல நிலையில் இருந்த ஹெட்டை வீணாகத் திறந்துவிட்டோமே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். ஹீட்டரைப் போட்டால் உள் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஆவி படிகிறதா என்றும் பாருங்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் அப்படித்தான் படியும்.

#6 ஸ்பேனர்14

நீலப்புகை சொன்னது ரொம்ப முக்கியம். ‘தரையில் சொட்டு இல்லை’ என்பதால் ‘உள்ளே எரிகிறது’ என்று ஆகிவிடாது. ஓடும்போது மட்டும் கசியும் தண்ணீரை ஃபேன் காற்று உலர்த்திவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் விழுந்தால் அங்கேயே ஆவியாகிவிடும். நிறுத்தும்போது தரைக்கு எதுவும் மிஞ்சாது.

அதனால் பிரஷர் டெஸ்ட். கை பம்ப்போடு வரும் சிறு கருவி, ரேடியேட்டர் மூடியின் இடத்தில் பொருந்தும். எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 பார் (அழுத்தத்தின் அளவு) மூடி போட்ட அமைப்பில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் மூடியைத் திறந்த கணம் அழுத்தம் போய், மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். இதில் அவசரமே வேண்டாம்.

உங்கள் மூடியில் என்ன அளவு அச்சிட்டிருக்கிறதோ அதுவரை மட்டும் பம்ப் செய்யுங்கள். அரை மணி நேரம் விட்டுவிட்டு முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை, ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி சேரும் விளிம்பு, பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்ட மூடிகள், தெர்மோஸ்டாட் கூடு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காய்ந்த கூலன்ட் நிறம் மாறாமல் உப்புப் படிவு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவே வழிகாட்டும்.

மூடியையும் தனியாகச் சோதியுங்கள். அதில் இரண்டு வால்வு உண்டு. ஒன்று அதிக அழுத்தத்தை வெளியே விடும், மற்றது குளிரும்போது ரிசர்விலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கும்.

#7 மலைவழி

கம்பளம் உலர்ந்தே இருக்கிறது.

பிரஷர் டெஸ்ட் செய்தேன். 0.9 வைத்தேன், இருபது நிமிடத்தில் 0.6க்கு வந்துவிட்டது. வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் துளையிலிருந்து மெல்லிய கோடாக வழிந்தது! டைமிங் கவரின் ஓரம் முழுக்கப் பச்சைப் படிவு. மேலிருந்து பார்த்தால் ஃபேன் மறைப்பதால் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. மூடியும் அழுத்தத்தைத் தாங்கவில்லை, 0.5லேயே விட்டுவிடுகிறது.

பம்ப்பும் மூடியும் மாற்றுகிறேன். அப்படியென்றால் ஹெட் தப்பித்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

#8 ஸ்பேனர்14

ஒரு கசிவு கிடைத்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் மாற்றிய பிறகு மறுபடி அதே டெஸ்ட் செய்யுங்கள். பெரிய கசிவு இருக்கும்வரை சிறிய கசிவு தெரியாது.

இனி புகை. அது டீசல் வாடை என்பதால் முதலில் ஹீட்டர் பிளக், அதாவது குளிர்ந்த எஞ்சினில் டீசல் பற்றுவதற்கு அறையைச் சூடாக்கும் பிளக். நான்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு டெஸ்ட் பல்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். பல்பு எரிந்தால் உள்ளே இருக்கும் கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்துவிட்டது. பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்துப் பிளக்கைச் சோதிக்காதீர்கள். சில பழைய வண்டிகளில் 12 வோல்ட்டுக்குக் குறைவான பிளக் போட்டிருப்பார்கள், கருகிப்போகும்.

பிளக் எல்லாம் நன்றாக இருந்தால் அடுத்தது இன்ஜெக்டர் பைப். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஒரு சிலிண்டரின் பைப் நட்டை மெல்லத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் நிற்கும். அப்போது நடுக்கம் கூடவில்லை என்றால் அது ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர். அதோடு புகையும் குறைந்தால் அந்த டீசல்தான் எரியாமல் வெளியே போகிறது. டீசலை நிறுத்தியும் வெள்ளை அப்படியே தொடர்ந்தால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். துணியைச் சுற்றிக்கொண்டு செய்யுங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விடும் காயம்.

#9 இரவுப்பயணி

இழைக்குள் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கூலன்ட் குறைகிறது, சூடான பிறகும் வெள்ளைப் புகை. ஆனால் என்னுடையது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை). பிரஷர் டெஸ்டில் வெளியே எங்கும் கசியவில்லை. ஓவர்ஹீட் இல்லை, ஆயில் சுத்தம். நானும் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கலாமா?

#10 டீசல்பித்தன்

வேண்டாம்! தயவுசெய்து தொடாதீர்கள். காமன் ரெயிலில் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் ஐடிலிலேயே பல நூறு பார் இருக்கும், பளுவில் 1,000 பாருக்கு மேல் போகும். ஸ்பேனர்14 சொன்ன முறை பழைய மெக்கானிக்கல் பம்ப்புக்கு மட்டும்.

உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் நான் முதலில் ஈஜிஆர் கூலரைப் பார்ப்பேன். எக்ஸாஸ்ட் வாயுவைக் குளிரவைத்து மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் சிறு ரேடியேட்டர் அது. ஒரு பக்கம் சூடான புகை, மறுபக்கம் கூலன்ட். நடுவில் இருக்கும் மெல்லிய குழாய் வெடித்தால் தண்ணீர் நேராக எக்ஸாஸ்டுக்கோ இன்டேக்குக்கோ போய்விடும். ஹெட் கேஸ்கெட் போன மாதிரியே தோன்றும், ஆனால் கேஸ்கெட் நன்றாகவே இருக்கும்.

கூலருக்குப் போகும் இரண்டு கூலன்ட் ஹோஸையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டுவது சோதனைக்கு ஒரு வழி. ஆனால் கூலருக்குள் தண்ணீர் ஓடாதபோது சூடான வாயு போகக்கூடாது, அதனால் அந்த நாட்களில் ஈஜிஆர் வால்வையும் மூடி வைக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, கூலரைக் கழற்றித் தண்ணீர்ப் பக்கத்தை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது. குமிழி வந்தால் விஷயம் முடிந்தது.

#11 மலைவழி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை நடந்துவிட்டது.

வாட்டர் பம்ப், பெல்ட், மூடி புதிது. ஹீட்டர் பிளக்கில் 2ம் 3ம் செத்திருந்தன, நான்கையும் மாற்றினேன். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்தது. கண்ணைக் கரிக்கும் புகை போயே போச்சு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் முழுதும் தீரவில்லை. தினமும் காலையில், வண்டி அதே இடத்தில் குளிர்ந்து நிற்கும்போது ரிசர்வ் பாட்டிலில் கோடு போட்டுக் குறித்து வருகிறேன். 300 கிலோமீட்டருக்கு இப்போதும் 100 முதல் 150 மில்லி குறைகிறது. முதல் ஸ்டார்ட்டில் பத்திருபது விநாடி ஒரு சிலிண்டர் தட்டுகிறது, கொஞ்சம் வெள்ளை வருகிறது. டீசல் நெடி இல்லாததால் இப்போது இனிப்பு வாடை தெளிவாகத் தெரிகிறது.

இன்னொன்று. புது மூடி போட்ட பிறகு, இரவு முழுதும் நின்ற பின்னும் காலையில் மேல் ஹோஸ் விறைப்பாக இருக்கிறது. மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று போகிறது.

#12 வளைவுப்பாதை

இவ்வளவு சின்னக் கசிவுக்கு ஏன் சிரமப்படுகிறீர்கள்? ரேடியேட்டரில் ஊற்றும் லீக் அடைக்கும் மருந்து ஒரு பாட்டில் ஊற்றுங்கள். நான் ஊற்றி ஒரு வருடம் ஓட்டினேன்.

#13 எண்ணெய்க்கை

நான் எஞ்சின் வேலையில் நீண்ட காலம் இருந்தவன். இந்த இழையை முதலிலிருந்து படித்தேன், நல்ல வரிசையில் போகிறீர்கள்.

அந்த மருந்தை இப்போது ஊற்ற வேண்டாம் தம்பி. ரேடியேட்டரில் ஊசித்துளை இருந்தால் அது ஓரளவு உதவும். சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவில் கேஸ்கெட் விட்டிருந்தால் நிற்காது. டீசலில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதே கம்ப்ரெஷன் 25, 30 பார் வரை போகும். எரியும் கணத்தில் அதைவிட மிக அதிகம். அந்த அழுத்தம் பசையைத் தள்ளிவிட்டு, ஹீட்டர் கோர், ரேடியேட்டர் குழாய் போன்ற ஒடுங்கிய இடங்களில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இருக்கிற குளிர்விப்பும் போய்விடும்.

உங்கள் விறைத்த ஹோஸ்தான் எனக்குப் பெரிய சாட்சி. தண்ணீர் சூட்டில் விரிவதால் வரும் அழுத்தம், குளிர்ந்ததும் இறங்கிவிடும். இரவு முழுதும் நின்ற பிறகும் அழுத்தம் இருக்கிறது என்றால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அந்த வாயு வரக்கூடிய இடம் சிலிண்டர்தான். பழைய மூடி 0.5லேயே விட்டுவிட்டதால் முன்பு இது தெரியவில்லை.

நடப்பது இதுதான். ஓடும்போது சிலிண்டர் அழுத்தம் அதிகம், அதனால் வாயு தண்ணீருக்குள் போகும். நிறுத்தியதும் சிலிண்டரில் அழுத்தம் இல்லை, தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் இருக்கிறது. இப்போது தண்ணீர் அதே வழியாகத் திரும்பிச் சிலிண்டருக்குள் சொட்டும். காலையில் அந்த ஒரு சிலிண்டர் நனைந்திருக்கும், அதனால் தட்டும், ஆவி வரும். கொஞ்ச நேரத்தில் உலர்ந்து சரியாகிவிடும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கசிவு கூடி, பிஸ்டன் மேல் தண்ணீர் தேங்கிவிட்டால், தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் அடிக்கும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எப்போதாவது ஸ்டார்ட்டர் பாதிச் சுற்றில் டக்கென்று நின்றால் மறுபடி அடிக்காதீர்கள்.

உறுதிசெய்ய இரண்டு சோதனை. மாலையில் எஞ்சின் குளிர்ந்ததும் ஸ்பேனர்14 சொன்ன பம்பை மாட்டி 0.9 வைத்து இரவு முழுதும் விடுங்கள். காலையில் அழுத்தத்தை இறக்கிவிட்டு, நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றுங்கள். எந்தப் பிளக்கின் முனை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு டீசல் கட்-ஆஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளக் ஓட்டைகளுக்கு நேரே யாரும் நிற்காமல், ஸ்டார்ட்டரை ஒரு விநாடி அடியுங்கள். தண்ணீர் இருந்தால் அந்த ஓட்டையிலிருந்து தெளிக்கும். பிளக்குகளைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, இரவு முழுதும் நாமே தண்ணீரை உள்ளே தள்ளியிருப்போம்.

இரண்டாவது, லீக்-டவுன், அதாவது சிலிண்டருக்குள் காற்றைக் கொடுத்து அது எங்கே கசிகிறது என்று பார்ப்பது. சந்தேகப்படும் சிலிண்டரை கம்ப்ரெஷன் முடிவில், இரண்டு வால்வும் மூடியிருக்கும் உச்சியில் நிறுத்துங்கள். ஹீட்டர் பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரெஸர் காற்று 5, 6 பார் கொடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்புவரை நிரப்பிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தச் சிலிண்டர்தான். காற்று பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைச் சுற்றிவிடும். அதனால் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை விட்டுவைக்காதீர்கள், கையை பெல்ட், ஃபேன் பக்கம் வைக்காதீர்கள்.

#14 நீலப்புகை

ஐயா, ரேடியேட்டர் வாயில் வைத்து, நீலத் திரவம் நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை போதாதா?

#15 எண்ணெய்க்கை

அது எரிந்த வாயுவில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடைக் கண்டுபிடிக்கும். பெட்ரோல் எஞ்சினில் நீலம் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். நிறம் மாறினால் நம்பலாம். மாறாவிட்டால் நம்ப முடியாது. டீசல் ஐடிலில் தேவைக்கு மிக அதிகமான காற்றை இழுக்கிறது, அதனால் எக்ஸாஸ்டில் அந்த வாயுவின் பங்கே குறைவு. சின்னக் கசிவு தப்பிவிடும். ஏற்றத்தில் பளுவோடு ஓட்டிவிட்டு வந்து, பாதுகாப்பாகத் திறக்கும் அளவு ஆறவிட்டுச் செய்தால் கொஞ்சம் பரவாயில்லை. எனக்குக் காற்றும் குமிழியும்தான் நம்பிக்கை.

#16 மலைவழி

இரண்டும் செய்தேன் ஐயா.

இரவு 0.9 வைத்தேன், காலையில் 0.5. வெளியே எங்கும் ஈரமில்லை. பிளக்குகளில் 1, 2, 3 உலர்ந்திருந்தன. நான்காவதன் முனையில் பச்சைத் துளி! ஸ்டார்ட்டர் அடித்ததும் நான்காவது ஓட்டையிலிருந்து மட்டும் மெல்லிய தெளிப்பு.

லீக்-டவுனில் முதல் மூன்றுக்கும் ரேடியேட்டரில் எதுவும் வரவில்லை. நான்காவதுக்கு ஐந்தாறு விநாடிக்கு ஒரு குமிழி, தவறாமல். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆக, மெக்கானிக் சொன்ன கேஸ்கெட்டும் இருக்கிறது. ஆனால் அன்றே இறக்கியிருந்தால் பம்ப்பும், மூடியும், ஹீட்டர் பிளக்கும் அப்படியே இருந்திருக்கும். ஏற்றிய பிறகும் தண்ணீர் குறையும், புகை வரும், வேலை சரியில்லை என்று மறுபடி இறக்கியிருப்போம். ஹெட்டை இறக்க முடிவு செய்துவிட்டேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

#17 எண்ணெய்க்கை

கேஸ்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் நடந்ததைச் சொல்லும். வாயு போன இடத்தில் உலோக வளையத்தின் மேல் கரிக்கோடு இருக்கும். பிஸ்டன் தலைகளையும் பாருங்கள். தண்ணீர் போன பிஸ்டன் மற்றவற்றைவிடக் கழுவினாற்போல் சுத்தமாக இருக்கும்.

ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்க்கோல் வைத்து, நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். எவ்வளவு வளைவு அனுமதி என்பது உங்கள் எஞ்சினின் மேனுவலில் இருக்கும். பிளாக்கின் மேல்பரப்பையும் அதே மாதிரி அளக்கச் சொல்லுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவில் விரிசல் பாருங்கள். அப்புறம் ஹெட்டின் தண்ணீர்ப் பாதையை அடைத்து, சுடுதண்ணீரில் அமுக்கி, காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சில விரிசல் சூட்டில்தான் திறக்கும்.

டீசலில் கேஸ்கெட்டின் தடிமன் ஒரே அளவு கிடையாது. ஓரத்தில் வெட்டுக்குறி அல்லது துளை எத்தனை என்பதை வைத்து அளவைச் சொல்வார்கள். உச்சியில் பிஸ்டன் பிளாக்கைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்று டயல் கேஜால் அளந்து, அதற்கேற்ற தடிமனை எடுக்க வேண்டும். ஹெட்டைச் சீவினால் வால்வு எவ்வளவு உள்ளே அமர்கிறது என்பதையும், முன்னறையின் இரும்பு வட்டுகள் பரப்புக்கு மேல் துருத்துகிறதா என்பதையும் மறுபடி அளக்க வேண்டும். கோணம் வைத்து (கடைசியில் இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்ற கணக்கில்) இறுக்கும் போல்ட் என்றால் பழையதைத் திரும்பப் போடக்கூடாது, அது ஏற்கெனவே இழுபட்டிருக்கும்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கேஸ்கெட் ஏன் போனது? முதல் பதிவில் ஏற்றத்தில் முள் முக்கால் வரை போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை பதிவில் யாரும் அதைத் தொடவில்லை. பம்ப் கசிவால் தண்ணீர் குறைந்து சூடேறியிருக்கலாம். ஆனால் பம்ப் மாற்றிய பிறகு ஏற்றத்தில் முள் எங்கே நிற்கிறது?

#18 ஸ்பேனர்14

ஐயா சொல்வது சரி. அந்த வரியை நானும் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

#19 மலைவழி

முள் இப்போதும் முக்கால் வரைதான் போகிறது.

ஐயா கேட்ட பிறகு ஃபேனைப் பார்த்தேன். எஞ்சின் நின்றிருக்கும்போது கையால் சுண்டினால் தடையே இல்லாமல் பல சுற்று சுற்றுகிறது. ஏற்றத்தில் முன்பெல்லாம் ஃபேன் உறுமும் சத்தம் கேட்கும். அது எப்போது நின்றது என்று எனக்கு நினைவே இல்லை. சூடேறும்போது ஃபேனை இறுகப் பிடித்து வேகமாகச் சுற்றவைக்கும் விஸ்கஸ் கப்ளிங் செத்துவிட்டது. சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரை மேலிருந்து கீழாக அளந்தேன். கீழ் மூன்றில் ஒரு பங்கில் குளிர்ந்த திட்டுகள். அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

#20 மலைவழி

ஹெட் இறங்கியது. ஐயா சொன்ன மாதிரியே இருந்தது. நான்காவது பிஸ்டன் தலை மட்டும் பளிச்சென்று இருக்கிறது, மற்ற மூன்றும் கரி. கேஸ்கெட்டில் நான்காவது வளையத்திலிருந்து பின்பக்கத் தண்ணீர்த் துளைக்குக் கறுப்புக் கோடு.

ஹெட்டில் நீளவாக்கில் 0.12 மில்லிமீட்டர் வளைவு. என் மேனுவலில் அனுமதி 0.10 வரை. உயரம் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்ததால் லேசாகச் சீவினார்கள். வால்வு ஆழமும் முன்னறை வட்டும் மறுபடி அளந்து சரிபார்த்தார்கள். சுடுதண்ணீர்ச் சோதனையில் குமிழி இல்லை. பிளாக் நேராக இருக்கிறது. பிஸ்டன் உயரத்தை அளந்தபோது பழைய கேஸ்கெட்டின் குறி அளவே வந்தது. ரேடியேட்டர் கோர், விஸ்கஸ் கப்ளிங், தெர்மோஸ்டாட், ஹெட் போல்ட் எல்லாம் புதிது. ஆயிலும் மாற்றியாயிற்று.

தண்ணீர் ஊற்றும்போது வண்டியின் மூக்கை ஏற்றத்தில் நிறுத்தி, ஹீட்டரை முழுதும் திறந்து வைத்தேன். தெர்மோஸ்டாட்டில் இருக்கும் சிறு காற்றுத்துளையை மேல்பக்கம் வருமாறு பொருத்தியிருந்தேன். எஞ்சின் சூடாகி மேல் ஹோஸ் சுடும்வரை மெல்ல மெல்ல நிரப்பினேன். கூலன்ட்டும் தண்ணீரும் 50-50 கலவைதான் ஊற்றினேன்.

#21 நீலப்புகை

வாழ்த்துகள்! 500 கிலோமீட்டரில் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டுமா?

#22 எண்ணெய்க்கை

பழைய முறை போல்ட்டுக்கு மேனுவல் அப்படிச் சொன்னால் செய்ய வேண்டும். கோணம் வைத்து இறுக்கியதை, மேனுவல் சொல்லாமல் தொடவே கூடாது. மலைவழி தம்பி, உங்கள் மேனுவலில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள்.

#23 இரவுப்பயணி

என் கதையும் முடிந்தது. ஈஜிஆர் கூலரைக் கழற்றி வாளியில் அமுக்கினோம், கொத்துக்கொத்தாகக் குமிழி. புது கூலர் போட்டு 900 கிலோமீட்டர் ஆகிறது, அளவு குறையவில்லை. ஹெட்டைத் தொடவே இல்லை. டீசல்பித்தனுக்கு மனமார்ந்த நன்றி.

#24 மலைவழி

1,400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். மேனுவலில் மறு இறுக்கம் இல்லை, தொடவில்லை. பாட்டிலில் போட்ட கோட்டிலேயே தண்ணீர் நிற்கிறது. காலையில் ஹோஸ் மெத்தென்று இருக்கிறது. அதே ஏற்றத்தில் முள் பாதியைத் தாண்டவில்லை, ஃபேன் உறுமும் சத்தம் மறுபடி கேட்கிறது. பழைய கேஸ்கெட்டை நான்காவது வளையம் தெரியும்படி ஷெட் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஸ்பேனர்14, டீசல்பித்தன், நீலப்புகை, எண்ணெய்க்கை ஐயா, எல்லோருக்கும் நன்றி. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது ஒரு சாம்பிளை எடுத்துச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன், கூலன்ட்டின் சோடியமும் பொட்டாசியமும் ஆயிலில் இருக்கிறதா என்று பார்க்க. முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.